பானைக்குள் ஓர் ‘இல்லை’

பானையைக் கவிழ்த்து எண்ணியாகிவிட்டது. ‘ஆம்’ பதினொன்று, ‘இல்லை’ ஒன்று. ஸ்ரீரங்கத்தில் அந்த அடுக்குமாடிக் குடியிருப்பின் பன்னிரண்டு வீட்டுக்காரர்களும் கைதட்டினார்கள். புதிய சங்கத் தலைவர் தேசிகன் மட்டும் கைதட்டலைக் காதில் வாங்காமல் அந்த ஒற்றைச் சீட்டையே பார்த்துக்கொண்டு நின்றார்.

முப்பத்திரண்டு வருஷம் திருச்சிக் கல்லூரி ஒன்றில் அரசியல் தத்துவம் நடத்தியவர் அவர். மக்களாட்சி என்று யாராவது வாய் தவறிச் சொல்லிவிட்டால் போதும், ஏதென்ஸில் கிளம்பி உத்திரமேரூர்க் கல்வெட்டு வரைக்கும் மூச்சு விடாமல் வந்து சேர்வார். ஆனால் பாவம், ஆசிரியர் சங்கத்திலிருந்து நூலகக் கமிட்டி வரை நின்ற தேர்தல் ஒன்றிலும் ஜெயித்ததில்லை. அறுபத்தேழு வயதில் இதுதான் முதல் வெற்றி. எதிர்த்து நிற்க ஆளில்லை என்றாலும் வெற்றி வெற்றிதானே.

உண்மையில் தேர்தலே தேவைப்பட்டிருக்காது. கீழ் வீட்டு அழகிரி அவர் பெயரை முன்மொழிந்ததுமே எல்லாரும் கையைத் தூக்கத் தயாராக இருந்தார்கள். தேசிகன்தான் ஒப்பவில்லை. தாட்சண்யத்துக்குத் தூக்குகிற கை ஓட்டாகாது, ரகசிய வாக்கெடுப்புதான் வேண்டும் என்று ஒரு மண்பானையோடு வந்துவிட்டார். வீட்டுக்கு ஓர் ஓட்டு, அதற்கு இரண்டு சீட்டு. ஒன்றில் ‘ஆம்’, ஒன்றில் ‘இல்லை’. வேண்டியதைப் பானையில் போட்டுவிட்டு மற்றதை வீட்டுக்கு எடுத்துப் போக வேண்டும். கையெழுத்தை வைத்து யாரையும் கண்டுபிடித்துவிடக் கூடாது என்று இருபத்துநான்கு சீட்டையும் அவரே எழுதி, ஒரே மாதிரி மடித்திருந்தார்.

முதல் ஓட்டும் அவருடையதுதான். அதற்கு முன் கால் மணி நேரம் உரை. வலது கைச் சீட்டு ஏதென்ஸ், இடது கைச் சீட்டு உத்திரமேரூர் என்று இரண்டையும் ஆட்டி ஆட்டிப் பேசி, நடுவில் மேஜைமேல் வைத்துவிட்டுக் கண்ணாடியைத் துடைத்து, காபியைக் குடித்து, மறுபடி எடுத்துக்கொண்டு மீதியையும் பேசி முடித்தார். பிறகு கம்பீரமாக ஒன்றைப் பானையில் போட்டார். மற்றதைப் பச்சைக் கோடு போட்ட சட்டையின் பைக்குள் செருகிக்கொண்டார்.

இவ்வளவு செய்தவருக்கு ஓர் ‘இல்லை’.

“ஒண்ணே ஒண்ணுதானே, விடுங்கோ,” என்றாள் மனைவி மரகதவல்லி. “எதிர்க்குரல்தான் ஜனநாயகத்துக்கு உயிர்னு கிளாஸ்ல சொல்லுவேளே.”

“அது கிளாஸ்ல. இது நம்ம பில்டிங்.”

அதிலிருந்து அவர் கண்ணுக்கு எல்லாருமே ஒரு தினுசாகத் தெரிந்தார்கள். இரண்டாம் மாடி ஸ்டீபன்ராஜ் கடைசியாகக் கைதட்டியது ஞாபகம் வந்தது. மூன்றாம் மாடி கோதா மறுநாள் அக்காரவடிசல் கொடுத்தனுப்பினாள். இதுவரை கொடுக்காதவள் இன்றைக்கு ஏன் கொடுக்கிறாள்? தேசிகன் நாலு கரண்டி சாப்பிட்டுவிட்டு அவள் பெயரையும் பட்டியலில் சேர்த்துக்கொண்டார்.

அப்போதுதான் அந்த யோசனை உதித்தது. பானையில் ‘இல்லை’ போட்டவர் கையில் ‘ஆம்’ மிஞ்சியிருக்க வேண்டும். ஆவணத்துக்கு வேண்டும் என்று சொல்லி, வீடு வீடாக ஏறி மிச்சச் சீட்டுகளை வாங்க ஆரம்பித்தார். கோதா தன் சீட்டின் பின்பக்கம் மளிகைச் சாமான் எழுதியிருந்தாள். முன்பக்கம் ‘இல்லை’, அவள் குற்றமற்றவள். ஸ்டீபன்ராஜ் குப்பையில் போட்டுவிட்டாராம். தேசிகன் வாட்ச்மேன் நல்லதம்பியைக் கூட்டிக்கொண்டுபோய்க் குப்பைத் தொட்டியைக் கிளறினார். அந்தச் சீட்டும் ‘இல்லை’தான். ஆனால் தலைவர் தொட்டிக்குள் தலையை விட்டிருக்கும் படம் அதற்குள் குடியிருப்பு வாட்ஸ்அப் குழுவுக்குப் போய்விட்டது.

சாயங்காலத்துக்குள் பத்து ‘இல்லை’ சேர்ந்தது. பாக்கி அழகிரி ஒருவர்தான்.

அழகிரிக்குக் காந்தி மார்க்கெட்டில் வாழைக்காய் மண்டி. இருபது வருஷமாகத் தினமும் காலையில் இவரோடு காவிரிக்கரை அம்மா மண்டபம் வரை நடப்பவர். அந்த வழியெல்லாம் தேசிகன் பேசுவார், அழகிரி தலையாட்டுவார். தேசிகனுக்கு நண்பர் என்று சொல்லிக்கொள்ள வேறு யாரும் இல்லை.

“சீட்டைக் காட்ட மாட்டேன் சார்,” என்றார் அழகிரி.

“ஏன்?”

“பெத்த அப்பா வந்து கேட்டாலும் ஓட்டைக் காட்டக் கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க? இருபது வருஷமா நீங்க பேசினதுல எனக்கு முழுசாப் புரிஞ்சது அது ஒண்ணுதாங்க.”

தேசிகனுக்கு அதற்குமேல் அத்தாட்சி வேண்டியிருக்கவில்லை. மறுநாள் நடைக்குத் தனியாகப் போனார். திரும்பி வந்ததும் அறிவிப்புப் பலகையில், ‘முன்மொழிந்த வாயோடு முதுகில் குத்துபவர்கள் திருந்த வேண்டும்’ என்று எழுதி ஒட்டினார். பெயர் போடவில்லை. ஆனால் முன்மொழிந்த வாய் அந்தக் கட்டடத்தில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது.

அழகிரி அந்த நோட்டீஸைப் படித்தார். வீட்டை விற்றுவிட்டு முசிறியில் மகளோடு போய் இருக்கப் போவதாக மட்டும் வாட்ச்மேனிடம் சொன்னார். சேதி பரவியதும் மற்ற வீட்டுக்காரர்கள் கொதித்துவிட்டார்கள். இரண்டே நாளில் அவசரக் கூட்டம் கூட்டி, தேசிகன் தலைவராகத் தொடரலாமா என்று மறுபடி வாக்கெடுப்பு வைத்தார்கள். பானை அதேதான், உரை மட்டும் இல்லை.

‘இல்லை’ பத்து, ‘ஆம்’ இரண்டு.

பெரும்பான்மையின் கொடுங்கோன்மை பற்றி அவரிடம் ஒன்றரை மணி நேரத்துக்கு விஷயம் இருந்தது. கேட்க ஆளில்லை, எல்லாரும் எழுந்து போய்விட்டார்கள். அழகிரி கடைசியாகப் போனார். போகும்போது, இந்தத் தடவை மிஞ்சிய தன் சீட்டைத் தேசிகனுக்கு எதிரே இருந்த நாற்காலியில் வைத்துவிட்டு, முகத்தைக்கூடப் பார்க்காமல் நடந்தார்.

தேசிகன் பிரித்துப் பார்த்தார். ‘இல்லை’. அப்படியானால் பானைக்குள் போனது ‘ஆம்’.

“பார்த்தியோ? செஞ்ச துரோகம் உறுத்தறது,” என்றார் மரகதவல்லியிடம். “போன தடவை குத்தினதுக்கு இந்தத் தடவை பிராயச்சித்தம்.” தலைவர் பதவி போனதைவிட அழகிரி இப்படிச் செய்துவிட்டாரே என்பதுதான் அவருக்குத் தாளவில்லை.

மரகதவல்லி பதில் சொல்வதற்குள், இஸ்திரிக்காரி ராக்கம்மாள் துணி மூட்டையோடு வாசலில் வந்து நின்றாள். மேலாக இருந்த பச்சைக் கோட்டுச் சட்டையை எடுத்து வைத்து, அதன்மேல் மடித்த சீட்டு ஒன்றையும் வைத்தாள்.

“இதைத் துவைக்காமலே போட்டிருந்தீங்க, பையில இருந்துச்சுங்க சார். ‘ஆம்’னு எழுதின சீட்டு ஒண்ணை வீடு வீடாத் தேடுறீங்கன்னு வாட்ச்மேன் சொன்னாரு, அது இதுதானான்னு பாருங்க.”