பூச்சி பொறுக்கும் வகுப்பு

சிபாலே ஏரிக்கரை, மலாவி
வியாழக்கிழமை

பெருமதிப்புக்குரிய வைசன் மாமாவுக்கு,

மருமகள் தியாமிகே மண்டியிட்டு எழுதுவது. நீங்கள் நன்றாக விழித்தெழுந்திருந்தால் நானும் நன்றாகவே விழித்தெழுந்தேன். அத்தையும் உங்கள் பழுதுபார்க்கும் கடையும் நலமென்று நம்புகிறேன். இங்கே ஏரி நலம். கணினிகளின் நலத்தை மட்டும் கேட்காதீர்கள், நானே சொல்லிவிடுகிறேன்.

உங்கள் நிபந்தனையை மறக்கவில்லை. பள்ளியின் இந்தப் பருவம் முடிவதற்குள் ஒரே ஒரு பிள்ளையாவது ஒரு பக்கம் தட்டச்சு செய்ய வேண்டும். இல்லாவிட்டால் நீங்கள் கொடுத்த பன்னிரண்டு கணினிகளும் அச்சுப்பொறியும் நானும் படகேற வேண்டும். அவை வேறு பள்ளிக்கு, நான் வங்கி வேலைக்கு. நாளை பருவம் முடிகிறது. தோற்றுவிட்டேன் மாமா.

தொடக்கமெல்லாம் அழகாகத்தான் இருந்தது. படகிலிருந்து இறக்கியபோது பெண்கள் பெட்டிகளைத் தலையில் வைக்க மறுத்து, ஆளுக்கொன்றாக, கைக்குழந்தையைப் போல முதுகில் துணிசுற்றிக் கட்டிக்கொண்டார்கள். பன்னிரண்டு பேரும் ஈரமணலில் வரிசையாக, மெல்ல ஆட்டியபடி போனதைப் பார்த்தபோது உள்ளே யாரோ உறங்குவதாகவே எனக்குத் தோன்றியது. "மெதுவா நடங்கடி, எம்புள்ள முழிச்சுக்கும்," என்றாள் பக்கத்து வீட்டு நசிபெகோ. தொங்கிய மின்கம்பியைப் பார்த்துவிட்டுப் பின்னால் வந்தவள், "ஒம்புள்ளைக்கு வாலு இருக்குடி, அப்பன் யாரு?" என்றாள்.

பகலில் பள்ளியின் ஒரே அறையில் நூற்று நாற்பது பிள்ளைகள் என்பதால், கூரைமேல் நீங்கள் பொருத்திய சூரியத்தகடு வெயிலைச் சேர்த்துவைக்க, அந்தியில் கணினி வகுப்பு என்று முடிவு செய்தேன், பன்னிரண்டு திரைகளும் நீலமாய் விழித்தபோது ஏரியே உள்ளே வந்து உட்கார்ந்ததுபோல இருந்தது, ஏரிப்பூச்சிகளுக்கும் அப்படியே தோன்றியிருக்க வேண்டும், ஏனென்றால் நீரின்மேல் புகைத்தூணாக எழுந்து, வளைந்து, யோசித்து, நேரே எங்கள் சன்னலுக்கு வந்துவிட்டன, அவற்றின் பின்னாலேயே எண்ணெய் தடவிய கூடைகளோடு ஊரும் வந்துவிட்டது. அள்ளிய பூச்சியை நசுக்கித் தட்டிச் சுடும் அடையின் ருசி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

"டீச்சர், இந்தப் பொட்டிய இன்னுங் கொஞ்சம் பளிச்சுனு வையி. இந்தப் பக்கம் பூச்சி கம்மியா வருது."

"நசிபெகோ அக்கா, இங்க பாடம் நடக்குது!"

"நடத்தேன், யாரு வேணாம்னா? நாங்க சத்தம் போடாம அள்ளிக்கிறோம்."

அன்றிலிருந்து பூச்சி வரும் அந்திகளிலெல்லாம் இதுதான். பிள்ளைகளும் கூடையோடு ஓடிவிடுவார்கள். கோபப்பட வேண்டிய நானும் சன்னலோரம் நின்று, அந்தக் கரிய மேகம் திரைவெளிச்சத்தில் பொன்னாகக் கரைவதைப் பார்த்துக்கொண்டே கோபத்தை மறந்துவிடுவேன். ஆறாம் வகுப்பு ஃபலேசி மட்டும் போகமாட்டாள். எழுத்துப் பொத்தான்களுக்கு இடையில் சிக்கிய பூச்சிகளை மீன்முள்ளால் ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டு, தனக்குள் ஏதோ முணுமுணுத்தபடி இருப்பாள். துப்புரவுக்கு ஒருத்தி கிடைத்தாள், படிக்கத்தான் ஒருவரும் கிடைக்கவில்லை.

ஆகவே சனிக்கிழமைப் படகில் வருகிறேன். துறைக்கு வண்டி அனுப்புங்கள். ஏரிக்கரை வாழ்த்துப்படி, உங்கள் வலைகள் என்றும் நிறைந்திருக்கட்டும். அத்தைக்கு என் வணக்கம்.

கீழ்ப்படிதலுள்ள மருமகள்,
தியாமிகே

பி.கு.: இதுவரை நீங்கள் படித்தது என் கையெழுத்தல்ல என்பதைக் கவனித்திருப்பீர்கள். நேற்று மேசைமேல் வைத்திருந்த கடிதத்தை இன்று, வெள்ளிக்கிழமை காலை, ஃபலேசி கணினியில் தட்டச்சு செய்து அச்செடுத்துக் கொண்டுவந்து நீட்டினாள். "உங்க எழுத்து மாமாவுக்குப் புரியாதுன்னு நீங்கதான சொன்னீங்க?" அடுத்தவர் கடிதத்தைப் படிக்கலாமா என்று அதட்டினேன். "படிக்கல டீச்சர், அடிச்சேன்," என்றாள். எங்கே கற்றாய் என்றதற்கு, பூச்சி எடுக்கும்போதே ஒவ்வொரு எழுத்தாகச் சொல்லிப் பழகினாளாம்; எந்த எழுத்தில் எத்தனை பூச்சி சாகும் என்பதுவரை தனக்குத் தெரியுமாம். பிறகு வாசலில் நின்று திரும்பினாள். "மாமா ஒரு பக்கந்தான கேட்டாரு? இது ஒண்ணேகால்."

வண்டி அனுப்ப வேண்டாம். படகில் அடை மட்டும் வருகிறது.