கருவாடு இறங்கிய பிறகும்

எனக்குக் கோர்வையாக எழுத வராது. அஞ்சாம் வகுப்போடு நின்றவள். முன்னால் வரவேண்டியது பின்னால் போய்விடும், சிலது மறந்தும் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள். இந்த ஒரு விஷயத்தை மட்டும் மறக்க நினைத்தாலும் வீட்டில் விடமாட்டேன் என்கிறார்கள்.

நாங்கள் தென்காசி பக்கம் குத்துக்கல்வலசையில் இருக்கிறோம். மகனுக்குத் திருநெல்வேலியில் போலீஸ் வேலை, ஞாயிற்றுக்கிழமைதான் வருவான். மருமகள் செல்வி தென்காசியில் ஒரு லேபில் ரத்தம் எடுக்கிறாள். பகல் முழுக்க எனக்குத் துணை செல்போன். அதில் வரும் விஞ்ஞானச் செய்திகளை எழுத்துக்கூட்டிப் படித்து வைத்து, மறுநாள் செல்வி கிளம்புகிற நேரத்தில் ஒப்பிப்பேன். வெந்நீரில் இன்ன இலையைப் போட்டுக் குடித்தால் சர்க்கரை ஓடிப்போகும் என்பேன். (என் சர்க்கரை எங்கேயும் ஓடவில்லை. அது வேறு கதை.) அவள் தலை சீவிக்கொண்டே மூன்று கேள்வி கேட்பாள்.

"யாரு சொன்னாவ அத்தை? எத்தனை பேருக்குக் குடுத்துப் பாத்தாவ? குடுக்காதவங்களுக்கு என்ன ஆச்சு?"

முதல் இரண்டும் எனக்குப் புரியும். மூன்றாவதுதான் எரிச்சல். மருந்தே சாப்பிடாதவனுக்கு என்ன ஆனால் நமக்கென்ன? படித்த திமிர் என்று நினைத்துக்கொள்வேன். வெளியே சொல்ல மாட்டேன். நான் அவ்வளவு கூச்சக்காரி. இறங்க வேண்டிய இடம் வந்தாலும் பஸ்ஸை நிறுத்தச் சொல்ல வெட்கப்பட்டு, அடுத்த நிறுத்தத்தில் இறங்கித் திரும்பி நடந்து வருகிறவள்.

மகனுக்குக் கல்யாணமாகி நாலு வருஷம். குழந்தை இல்லை. அதைப் பற்றி நான் அவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை. அதில் எனக்கு உள்ளூரப் பெருமையும் உண்டு.

போன குற்றாலச் சீசனில் அந்தச் செய்தி வந்தது. துரியன் பழம் சாப்பிட்டால் குழந்தை பிறக்கும், வெளிநாட்டு விஞ்ஞானிகள் உறுதி. குற்றாலத்தில் அந்தப் பழத்துக்கு இந்தப் பேர் ரொம்ப நாளாகவே உண்டு. சாரல் காலத்தில் குழந்தை இல்லாதவர்கள் எங்கிருந்தோ தேடி வந்து வாங்கிப் போவார்கள். இப்போது வெள்ளைக் கோட்டுப் போட்ட ஒருத்தர் கையில் கண்ணாடிக் குழாயோடு நின்று அதையே சொல்கிறார், படத்தோடு. இதற்கு மேல் என்ன வேண்டும்?

செல்வியிடம் காட்டினால் மூன்று கேள்வி வரும். அதனால் காட்டவில்லை. பழத்தைப் பாலில் அடித்து, அவளுக்குத் தெரியாமல் கொடுத்துவிடுவது என்று திட்டம் போட்டேன். (துரியன் பழத்தை ஒருத்திக்குத் தெரியாமல் கொடுப்பதும் யானையை ஒருத்திக்குத் தெரியாமல் வீட்டுக்குள் கட்டுவதும் ஒன்று. பழுத்த துரியனின் வாசத்தோடு எனக்கு அதுவரை பழக்கமில்லை.)

அருவியில் குளித்துவிட்டு வருகிறேன் என்று சொல்லிக் குற்றாலம் போனேன். குளிக்கவும் செய்தேன், பொய் சொல்லக்கூடாது அல்லவா. லேசாக வெடித்த பழமாகப் பார்த்து வாங்கி, ஒயர் கூடையில் வைத்து, ஈரச் சேலையை மேலே போட்டு மூடிக்கொண்டு தென்காசி பஸ்ஸில் ஏறினேன்.

சாரலுக்காக ஜன்னல் ஷட்டரை எல்லாம் இறக்கி விட்டிருந்தார்கள். நல்ல கூட்டம். என் சீட்டை ஒட்டி ஒரு கருவாட்டுக்காரம்மா கூடையோடு நின்றாள். பஸ் கிளம்பிக் கொஞ்ச தூரம்கூடப் போயிருக்காது, முன்னால் ஒருவர் மூக்கைப் பொத்தினார். பின்னால் ஒருவர் கேஸ் கசிகிறது என்றார். எலி செத்துக் கிடக்கிறது என்றார் இன்னொருவர். கடைசியில் எல்லார் கண்ணும் கருவாட்டுக் கூடையில் போய் நின்றது. கண்டக்டர் வந்தார்.

அவள் கோபப்படவில்லை. "அண்ணாச்சி, மூணு சாக்கு சுத்தி வச்சிருக்கேன். மோந்து பாத்துட்டுச் சொல்லும். இது கருவாட்டு வாசமே இல்ல. எல்லாரு பையையும் தொறக்கச் சொல்லும்."

ஒருவரும் மோந்து பார்க்கவில்லை. கருவாடு இருக்கும்போது வேறு எதைத் தேடுவது என்று ஒருவர் நியாயம் பேசினார். கண்டக்டர் விசில் அடித்தார். மேலகரம் பக்கத்தில் பஸ் நின்றது. அவள் கூடையைத் தலையில் ஏற்றிக்கொண்டு சாரலில் இறங்கினாள். நான் மூடிக் கிடந்த ஷட்டரை வேடிக்கை பார்த்தேன்.

பஸ் மறுபடி கிளம்பியது. எல்லாரும் ஆசையாக ஒரு மூச்சு இழுத்தார்கள். அப்போதுதான் வேட்டி கட்டிய ஒரு பெரியவர் மெதுவாகக் கேட்டார்.

"ஏலே, கருவாடு எறங்கியாச்சு. நாத்தம் எறங்கலையே?"

பஸ் முழுக்க யோசித்தது. செல்வியின் மூன்றாவது கேள்வி எதற்கு என்று அந்த நிமிஷம் எனக்குப் புரிந்துவிட்டது. கருவாடு இல்லாமலும் நாறினால் நாறியது கருவாடு இல்லை, மருந்து குடிக்காதவனுக்கும் குணமானால் குணமாக்கியது மருந்து இல்லை. புரிந்து என்ன பயன்? கண்டக்டர் என் ஈரச் சேலையைத் தூக்கினார். முள்ளும் வெடிப்புமாகப் பழம் எல்லாரையும் பார்த்தது.

பின் சீட்டுப் பெண் கேட்டாள்: "ஆச்சி, இந்த வயசுலயா?"

டிரைவர்கூடச் சிரித்தார். என் மானத்தைக் காப்பாற்றிக்கொள்ள, ஆயுசில் முதல் தடவையாகப் பொது இடத்தில் சத்தமாகப் பேசினேன். "எனக்கில்ல, என் மருமவளுக்கு."

கூட்டத்தில் எங்கள் ஊர்க்காரி ஒருத்தி இருந்திருக்கிறாள். "எந்த மருமவ? லேப்ல ரத்தம் எடுக்கும்லா, அந்தச் செல்வியா? ஐயோ பாவம்."

என் மானத்தை மீட்க அவள் மானத்தை விற்றேன். சாயங்காலம் செல்வி வருவதற்குள் செய்தி லேபுக்குப் போய்விட்டது. அவள் பழத்தைக் கொல்லையில் வைத்தாள். செல்போனை வாங்கிப் படத்தைப் பார்த்தாள். பிறகு அடுப்படிக்குப் போய், அலமாரித் தட்டில் டப்பாக்களுக்கு அடியில் விரித்திருந்த ஒரு நோட்டீஸை உருவிக்கொண்டு வந்தாள். மூட்டுவலித் தைலத்துக்கான நோட்டீஸ், பஸ் ஸ்டாண்டில் கொடுத்தது. அதே ஆள், அதே வெள்ளைக் கோட்டு, அதே கண்ணாடிக் குழாய். அந்த நோட்டீஸை விரித்தவளே நான்தான்.

"இவருதானா அத்தை ஒங்க வெளிநாட்டு விஞ்ஞானி?"

நான் தரையைப் பார்த்தேன். நோட்டீஸை மடித்துக்கொண்டே அவள் சொன்னாள். "நாங்க டாக்டர்ட்ட போய்க்கிட்டுதான் இருக்கோம். ஊரே கேக்கும்போது நீங்க ஒருத்திதான் கேக்காம இருந்திய. எனக்கு இருந்த அந்த ஒரு இடமும் போச்சுலா."



அதற்கப்புறம் ஒரு மாசம், லேபுக்கு வந்தவர்கள் எல்லாம் கையை நீட்டிக்கொண்டே அவளுக்கு வைத்தியம் சொன்னார்களாம். அவளும் சளைக்காமல், நரம்பு கிடைக்கிறவரை மூன்று கேள்வி கேட்டாளாம். அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மகன் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, பழக்க தோஷத்தில் ஏதோ ஒரு செய்தியை வாசிக்க ஆரம்பித்துவிட்டேன். செல்வி ரசம் ஊற்றிக்கொண்டே, முகத்தை அசைக்காமல் கேட்டாள்: "அத்தை, பஸ்ஸை நிறுத்துவமா?" மகனுக்குப் புரை ஏறியது. அந்தப் பழத்துக்கு அப்புறம் அவள் சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன். நானும் சிரித்தேன், கடைசி ஆளாக.

இப்போது வீட்டில் யார் எந்தச் செய்தியை வாசித்தாலும் அந்தப் பேச்சுதான். நானும் கேட்கிறேன். செல்வி ஏதாவது மருந்துச் செய்தி சொன்னால், "ஏட்டி, கருவாட்ட எறக்கிப் பாத்தாவளா?" என்பேன்.

அவள் படித்துச் சரி என்ற பிறகுதான் இதைப் பத்திரிகைக்கு அனுப்புகிறேன். ஆனால் அவள் அந்தப் பஸ்ஸில் வரவில்லை. கருவாட்டுக்காரம்மா இறங்கியது மேலகரத்திலா, அதற்கு முந்தின நிறுத்தத்திலா என்று எனக்கு நிச்சயமில்லை. நான் ஷட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சந்தையில் ரெண்டு தடவை தேடியும் அந்தம்மாவைக் காணவில்லை. அன்றைக்கு அந்தப் பஸ்ஸில் வந்தவர்கள் யாராவது இதைப் படித்தால் சரிபார்த்துச் சொல்லுங்கள். மூன்று சாக்கு என்று எழுதியிருக்கிறேன். அது அவள் சொன்னதுதான், அன்றைக்கு யாரும் பார்க்கவில்லை.