வட்ட மேசையில் என் நிச்சயதார்த்தம்

கணக்கு சுத்தமாக வராதவனால் யாருக்கும் தொந்தரவு இல்லை. அரைகுறையாக வருபவனால்தான் வீட்டுக்கே பேஜார். எட்டாவதோடு நின்ற நான், ஆம்பூர் ஷூ கம்பெனியில் தோல் வெட்டி வெட்டியே வட்டம், விட்டம், சமச்சீர் எல்லாம் கற்றுக்கொண்டிருந்தேன். (கற்றதாக நினைத்திருந்தேன்.) அந்த அறிவை என் நிச்சயதார்த்தத்தில் இறக்கினேன். அந்தக் களைப்பு இன்னும் தீரவில்லை.

என் தாய்மாமனுக்கும் சித்தப்பாவுக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. என் காதுகுத்துக்கு மாமா தாமதமாக வர, சித்தப்பா என்னைத் தன் மடியில் வைத்துக் காது குத்தவைத்துவிட்டார். என் காதுப் புண் ஆறியது, மாமாவுக்கு ஆறவில்லை. இது தெரிந்து, ஆலங்காயத்தில் பெண்ணின் அப்பா கறாராகச் சொல்லிவிட்டார்: "ரெண்டு பேரும் ஒண்ணா உக்காந்து சாப்ட்டாதான் தட்டு மாத்துவேன். சண்டக்கார வூட்ல பொண்ணு குடுக்க மாட்டேன்."

முதல் இலை யாருக்கு என்பதில்தான் வெடிக்கும் என்று நினைத்தேன். வட்டத்துக்கு முதலும் இல்லை, கடைசியும் இல்லையே! வாணியம்பாடியில் ஒரு வட்ட மேசையை வாடகைக்குப் பிடித்தேன். இருவரையும் எவ்வளவு தள்ளி உட்காரவைக்க முடியுமோ அவ்வளவு தள்ளி, விட்டத்தின் இரண்டு முனைகளில் உட்காரவைத்தேன். இரண்டு பேர் ஒரே நேரத்தில் ஆளுக்கொரு பக்கம் பரிமாற ஏற்பாடு.

உட்கார்ந்த பிறகுதான் எனக்கு உறைத்தது: வட்டத்தில் அதிக தூரத்தில் இருப்பவன்தான் நேர் எதிரே இருப்பவன்.

"இன்னாத்துக்கு மொறைக்கற?" என்றார் மாமா.

"தலைய தூக்குனா உன் மூஞ்சிதான் தெரியுது. நான் எங்க பாக்கறது?" என்றார் சித்தப்பா.

"எங்கியாவது பாரு. என் சோத்த பாக்காத."

"உன் சோறா? நீயா ஆக்கி வெச்ச?"

மாமா எழுந்தார். சித்தப்பாவும் எழுந்தார். (அதிலும் சமச்சீர் தவறவில்லை.) பெண்ணின் அப்பா தாம்பூலத் தட்டை உள்ளே எடுத்துக்கொண்டு போனார். என் அம்மா தலையில் கைவைத்தார்.

அப்போது பெண்ணே வெளியே வந்தாள். "முதல்ல இந்த மேஜைய தூக்குங்க. பாய நீளமா போடுங்க. வரிசையா உக்காந்தா எதிர்ல செவுருதான். ரெண்டு பேரும் செவுத்த பாத்து சாப்டுங்க." பிறகு என்னிடம், "நீங்க அவங்க நடுவுல உக்காருங்க."

சாப்பிட்டார்கள். தட்டும் மாற்றினார்கள்.

அன்றிலிருந்து எந்த விசேஷத்திலும் எனக்கு அதே இடம்தான். வலப்பக்கம் மாமா, இடப்பக்கம் சித்தப்பா.

"அவர்கிட்ட ஊறுகா இருந்தா குடுக்க சொல்லு" என்பார் மாமா.

"வாயத் தெறந்து கேக்க சொல்லு."

இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சேதி சொல்லி முடிப்பதற்குள் பந்தியே எழுந்துவிடும். பள்ளியில் சமச்சீர்க் கோடு படித்த புதிதில் என் மகள் எங்கள் மூவரையும் பந்தியில் பார்த்துவிட்டு, "அம்மா, அப்பாதான் கோடு!" என்று கத்தினாள். பேரணாம்பட்டுச் சொந்தம் வரைக்கும் அதுவே எனக்குப் பெயராகிவிட்டது.

போன வாரம் ஒரு கல்யாணப் பத்திரிகை வந்தது. உறையின் மேல் "கோடு அவர்கள்" என்று எழுதி, கீழே கோடு போட்டு, "முதல் பந்திக்கே வந்துவிடவும்" என்று சேர்த்திருந்தார்கள்.