உயிரோடிருந்தவருக்கு ஓர் அகவணக்கம்

எதையாவது ஒழுங்காகச் செய்ய வேண்டுமென்று நான் கிளம்பினால் அந்தக் காரியம் உருப்படாது. என் மனைவி இதைக் கலியாணமான புதிதிலேயே கண்டுபிடித்துவிட்டாள். எனக்கு விளங்கத்தான் இங்கிலாந்திலிருந்து ஓர் எழுத்தாளர் வர வேண்டியிருந்தது.

சிறுவர்களுக்குக் கதையும் பாட்டும் எழுதுகிற பெண்மணி அவர். ரொறொன்ரோவுக்கு வந்திருந்தவரை மோர்னிங்சைட்டில் எங்கள் பெற்றோர் சங்கக் கூட்டத்துக்கு அழைத்திருந்தோம். இரண்டாம் வகுப்புப் படித்த என் மகள் ஆரணிக்குத் தலைகால் புரியவில்லை. காலுறை போட்ட ஆட்டைப் பற்றி அவர் எழுதிய பாட்டை, அவருக்கு முன்னாலேயே சொல்ல வேண்டுமென்று பாடமாக்கி வைத்திருந்தாள்.

வரவேற்புப் பொறுப்பு என்னுடையது. (கேட்டு வாங்கியதுதான்.) அவர் கழுத்தில் போட ரோஜா மாலை, மேசையில் வைக்க அவருடைய பெரிய படம், மண்டபத்தில் நெருப்புக் கூடாதென்பதால் பற்றரி விளக்கு எல்லாம் தயார். வெளியே பனி கொட்டியது. அவர் வரப் பிந்தியது. கதிரையில் வைத்திருந்த மாலைக்கு மேல் ஓர் அங்கிள் இருக்கப் போனார். கசங்கிவிடுமே என்று அதைத் தூக்கிப் படத்தில் கொழுவினேன். பிறகு மைக்கைச் சோதிக்க, நான் எழுதிவைத்திருந்த அவருடைய வாழ்க்கை வரலாற்றை வாசித்துப் பார்த்தேன்.

"ஏழைக் குடும்பத்தில் பிறந்து, பிள்ளைகளுக்காகவே வாழ்ந்து..."

உள்ளே வந்த சனம் அப்படியே அடங்கிப்போனது. ஓர் அன்ரி கிட்ட வந்து, "என்ன தம்பி நடந்தது?" என்று மெல்லக் கேட்டார்.

"பனியில அம்பிட்டிட்டா, அன்ரி."

"ஐயோ, கடவுளே!"

(வீதி நெரிசலுக்கு இவ்வளவு கவலையா என்று நினைத்தேன்.)

சங்கத் தலைவர் அண்ணை மைக்கை வாங்கினார். "எல்லாரும் எழும்பி நில்லுங்கோ. அகவணக்கம்." இறந்தவர்களுக்காக ஒரு நிமிடம் தலைகுனிந்து நிற்கும் அகவணக்கம் இல்லாமல் எங்கள் கூட்டம் எதுவும் தொடங்குவதில்லை. அதனால் நானும் பக்தியோடு தலைகுனிந்தேன்.

அப்போதுதான் ஆரணி வீரிட்டாள். "அப்பா, இஸ் ஷீ டெட்? நான் இன்னும் பாட்டே சொல்லேல்லை!"

திரும்பிப் பார்த்தேன். மாலை, விளக்கு, நடுவில் சிரித்த முகம். பிள்ளை தேம்பித் தேம்பி அழுவதைப் பார்க்க எனக்கும் அழுகை வந்தது.

மண்டபத்தின் பின்வரிசையில், மேலங்கியில் பனி ஒட்டிய வெள்ளைக்காரப் பெண்மணி ஒருவரும் மரியாதையாகத் தலைகுனிந்து நின்றார். எழுத்தாளரேதான். "யார் காலமானது?" என்று பக்கத்தில் நின்றவரிடம் ஆங்கிலத்தில் கேட்டுவிட்டு நிமிர்ந்து படத்தைப் பார்த்தார்.

என்னைத் திரும்பியும் பார்க்காமல் நேரே போய் ஆரணிக்கு முன்னால் முழந்தாளிட்டார். "நான் சாகவில்லை, கண்ணே. விமானச் சாப்பாடு கொஞ்சம் முயன்று பார்த்தது, அவ்வளவுதான்."

ஆரணி அவர் கையைக் கிள்ளிப் பார்த்தாள். "ஓம் அப்பா, உயிரோடதான் இருக்கிறா!" விக்கி விக்கி முழுப் பாட்டையும் சொன்னாள். தடுக்கிய இடத்தில் எழுத்தாளரே அடி எடுத்துக் கொடுத்தார். நான் மாலையைக் கழற்றிக்கொண்டு போனேன். அவர் பின்னால் நகர்ந்து, "வேண்டாம், அது அங்கேயே இருக்கட்டும்" என்றார்.

ஆரணி இப்போது பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள். ஒவ்வொரு டிசம்பரிலும் நத்தாருக்கு இங்கிலாந்திலிருந்து அவளுக்கு ஒரு வாழ்த்து அட்டை வரும். "இன்னும் இருக்கிறேன். அப்பாவிடம் சொல்லிவிடு" என்று மட்டும் எழுதியிருக்கும். இந்த முறை அது பிந்தி நேற்றுத்தான் வந்தது. அதுவரை நான் நாள் தவறாமல் தபால் பெட்டிக்கு நடந்ததைப் பார்த்துவிட்டு மனைவி கேட்டாள்:

"என்னப்பா, மாலைக்குச் சொல்லிவைக்கப் போறியளோ?"