நாயின் வாயில் இருந்த வெள்ளாடு

அன்று கோம்பையில், செல்லத்துரை அண்ணன் வீட்டு முற்றத்தில் இருந்தவர்கள்: நான், என் அப்பா, செல்லத்துரை அண்ணன், அவருடைய செவலை நிறக் கோம்பை நாய். இல்லாதவர்கள்: என் வழிகாட்டி மேடம், என் புத்தி. மேடத்துக்கு மதுரையில் வகுப்பு இருந்தது. புத்தி எங்கே போயிருந்தது என்று இன்றுவரை தெரியவில்லை.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தைத் தாண்டிப் போனவன் நான் ஒருவன்தான். அப்பா ஓடைப்பட்டியில் திராட்சைத் தோட்டங்களில் கொடி நறுக்கும் கவாத்து வேலைக்குப் போகிறவர். எம்.எஸ்ஸி. கடைசிப் பருவத்தில் மேடம் எனக்கு ஒரு நாயின் மைட்டோகாண்ட்ரியாவை ஆய்வுத் தலைப்பாகக் கொடுத்தார். அந்த ஒரு மாதிரியை ஒழுங்காக எடுத்துப் படித்துக் காட்டினால் பிஎச்.டி.க்குச் சேர்த்துக்கொள்வதாகச் சொன்னார். வேறு எந்தக் கதவும் எனக்குத் திறந்திருக்கவில்லை.

மைட்டோகாண்ட்ரியா உயிரணுவுக்குள் இருந்து சக்தி தயாரிப்பது. அதற்கென்று தனியாக ஒரு குட்டி டி.என்.ஏ. உண்டு. நாய்க்குப் பதினாறாயிரத்துச் சொச்சம் எழுத்து. அதில் முப்பத்தேழு மரபணு, பந்தலில் கொடி படர்ந்த மாதிரி இடுக்கே இல்லாமல். ஓர் இடத்தில் மட்டும் ஆயிரத்துச் சொச்சம் எழுத்துக்கு ஒரு மரபணுவும் கிடையாது. தரிசு என்று தாண்டிப் போய்விடலாம். ஆனால் (இதைப் படித்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை) மரபணுக்களைப் படிக்க ஆரம்பிக்கிற உத்தரவு அங்கிருந்துதான் வருகிறது. டி.என்.ஏ. தன்னை நகலெடுக்க ஆரம்பிப்பதும் அங்கேதான். எங்கள் ஊர்த் தோட்டத்தில் கொடியே இல்லாத இடம் மோட்டார் ரூம். அங்கே சுவிட்சைப் போடாவிட்டால் ஒரு குலை தேறாது.

இதை அப்பாவிடம் மூச்சுவிடாமல் சொன்னேன். விளைவு, அவரும் கோம்பைக்கு பஸ் ஏறிவிட்டார்.

நாயின் கன்னத்து உட்புறத்தைப் பஞ்சுக்குச்சியால் தடவி எடுக்க வேண்டும். அதற்கு முன் அது எதையும் தின்றிருக்கக் கூடாது. செல்லத்துரை அண்ணனிடம் முதல் நாளே போனில் சொல்லியிருந்தேன். அவரும் காலையிலிருந்து நாயைப் பட்டினி போட்டிருந்தார். நாயோ என்னைக் கண்டதும் உறுமியது. குச்சியை நீட்டும்போதெல்லாம் அதன் பற்களை நிதானமாக எண்ண முடிந்தது. சாப்பிட்டுவிட்டுப் பார்க்கலாம் என்று அண்ணன் ஆட்டுக்கறிக் குழம்போடு இலை போட்டார். வீட்டுக்கு வந்தவர்களைக் கை நனைக்காமல் விடுவது அங்கே வழக்கமில்லை.

நான் கை கழுவிவிட்டு வந்தபோது நாயின் தலை அப்பாவின் மடியில் இருந்தது. அப்பாவின் இலையில் ஓர் எலும்புகூட இல்லை.

"வாடா, சிநேகமாயிருச்சு. வெரசா எடுத்துக்க."

அண்ணன்தான் தயங்கினார். "தம்பி, அது தின்னுருச்சே?"

"பரவாயில்லண்ணே. நாயோட டி.என்.ஏ. நாய்க்குள்ளதான இருக்கும்?"

(இதைச் சொன்னவன் எம்.எஸ்ஸி.) கையுறை மாட்டி, விதிமுறையின் முதல் வரியைத் தவிர மற்ற எல்லா வரியையும் பின்பற்றித் தடவி எடுத்தேன்.

மூன்று வாரம் கழித்து, நான் துறையில் எல்லோர் முன்னும் பேச வேண்டிய காலையில்தான் முடிவு வந்தது. அப்பா சலவை வேட்டியில் கடைசி வரிசையில் இருந்தார். மரபணு இல்லாத அந்தப் பகுதியின் மகிமையை உருகி உருகிச் சொல்லிவிட்டு, வந்த எழுத்துகளை அங்கேயே கணினியில் போட்டேன். எந்த விலங்கு என்று அதுவே ஒப்பிட்டுச் சொல்லும். "இப்போது பாருங்கள்" என்றேன். எல்லோரும் பார்த்தார்கள். திரையில் வெள்ளாடு என்று வந்தது.

டி.என்.ஏ.வைப் பிடிக்க நான் பயன்படுத்திய பிரைமர் என்கிற தூண்டில் பாலூட்டிகளுக்கெல்லாம் பொதுவானது. வாயில் எது அதிகம் இருக்கிறதோ, நாயோ ஒட்டிய கறியோ, அதைப் பிடித்துவிடும். அந்த நேரம் எனக்கு இதெல்லாம் தோன்றவில்லை. பஸ் கண்டக்டர் வேலைக்கு வயது வரம்பு என்ன என்றுதான் தோன்றியது.

கடைசி வரிசையில் அப்பா பக்கத்துப் பையனிடம் என்னவென்று விசாரித்தார். பிறகு மேடத்தைப் பார்த்து எழுந்து நின்றார்.

"அது சரியாத்தாம்மா சொல்லுது. வெள்ளாட்டங்கறிதான். செம்மறி இல்ல. நாந்தான் போட்டேன்."

அவர் குரலில் வருத்தமே இல்லை. பிரமிப்புத்தான் இருந்தது. மூன்று வாரத்துக்கு முன் ஒரு நாய் எந்த ஆட்டைத் தின்றது என்று கண்டுபிடிக்கிற படிப்பையா என் மகன் படிக்கிறான் என்கிற பிரமிப்பு. முதலில் சிரித்தது மேடம்தான். பத்து நாளில், என் சொந்தச் செலவில், மறுபடி எடுத்து வரச் சொன்னார்.

இரண்டாம் முறை அப்பா, எதையும் ஒளித்து வைக்கவில்லை என்று துண்டை உதறிக் காட்டிவிட்டுத்தான் நாயின் பக்கத்தில் போனார். இந்த முறை திரையில் நாய் என்றே வந்தது. எனக்குப் பிஎச்.டி. இடமும் கிடைத்தது. அந்த எழுத்துகளை அச்சடித்த தாளை வீட்டுக்குக் கொண்டுபோய்க் காட்டினேன். எந்த மரபணுவும் இல்லாத அந்த இடத்தில், பத்துப் பத்து எழுத்தாக ஒரே வரிசை திரும்பத் திரும்ப வந்துகொண்டே இருந்தது. அப்பா அதன்மேல் விரலை ஓட்டினார்.

"இம்புட்டும் அதோட ஆத்தா குடுத்ததா?"

"ஆமாப்பா. இது தாய் வழியாத்தான் வரும். எனக்குள்ள இருக்கறதும் அம்மாவோடதுதான்."

"அப்ப நான் குடுத்தது?"

மற்ற டி.என்.ஏ.வில் பாதி அவருடையது என்று விளக்க ஆரம்பித்தேன். அதற்குள் அடுப்படியில் கேட்டுக்கொண்டிருந்த அம்மா ஜெயித்துவிட்டிருந்தார். இன்றைக்கும் வீட்டில் எந்தச் சண்டை வந்தாலும், "தாளுலயே போட்டிருக்காக, இவன் எம் புள்ள" என்பார். அப்பா அசரமாட்டார். இரண்டாம் பரிசோதனைக்குக் கவாத்துக் கூலியிலிருந்து எடுத்துக் கொடுத்ததை ஒரு பைசா குறையாமல் சொல்வார்:

"அந்தத் தாளே நான் குடுத்ததுதான். ரெண்டாயிரத்து நூத்தி நாப்பது ரூவா."