வெர்ஷன் கடை நோட்டீஸ்

செஞ்சியில் இன்றுவரை யாராலும் அசைக்க முடியாதவை இரண்டு: ஒன்று ராஜகிரி மலை, மற்றது பஸ் நிலையத்துக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் வெர்ஷன்.

அவருடைய உண்மைப் பெயர் ரேஷன் கார்டுக்குத்தான் தெரியும். எதைக் கொடுத்தாலும் "இது எந்த வெர்ஷன்?" என்று கேட்பார், ஊர் அதையே பெயராக வைத்துவிட்டது. கடை வாசலில் ஒரு நோட்டீஸ்: ‘ஜெராக்ஸ்: 75 கிராம் தாளும் அதற்கு மேலும். மெல்லிய தாள் கொண்டுவந்தால் வேலை செய்தாலும் செய்யும், பொறுப்பு எனதல்ல.’

டீக்கடையிலும் இதே கதைதான்.

"மாஸ்டர், நேத்து போட்ட அதே தூள்தானா?"

"இன்னிக்குப் புதுசு. நல்லா இருக்குது."

"அப்ப வேணாம். ஒரு வாரம் ஊரு குடிக்கட்டும். யாருக்கும் ஒண்ணும் ஆவலன்னா நான் குடிக்கிறேன்."

ஒருமுறை அவரும் நானும் ராஜகிரிக் கோட்டைக்கு ஏறப் போனோம். அடிவாரத்திலேயே என்னை நிறுத்திவிட்டார். "சார், உங்க முட்டிக்கு சப்போர்ட் முடிஞ்சி போச்சி. இங்கயே உக்காருங்க." காலை ஏழு பத்திலிருந்து பத்தே கால் வரை உட்கார்ந்திருந்தேன், டைரியில் இருக்கிறது.

இவ்வளவு சந்தேகம் பிறவியில் வந்ததல்ல. கல்வெட்டில் உள்ள தமிழ் வருடத்தையும் மாதத்தையும் ஆங்கிலத் தேதியாக மாற்றும் மென்பொருள் ஒன்றை அவர் எழுதி, யாரும் எடுத்துக்கொள்ளலாம் என்று நிரலோடு இணையத்தில் வைத்திருக்கிறார். என் போன்ற தேதிப் பித்தர்களுக்கு அது உயிர். அதில் நிலாக் கணக்கைப் பார்த்துக்கொள்வது முகம் தெரியாத யாரோ எழுதிய இன்னொரு நிரல். ‘அதன் எந்தப் புதுப் பதிப்பும் சம்மதம்’ என்று ஆரம்பத்தில் நம்பி எழுதிவிட்டார். அந்த மகானுபாவர் ஒரு செவ்வாய்க்கிழமை எதையோ திருத்த, பெரிய கார்த்திகை வைகாசியில் வந்து நின்றது. அன்று முதல் பதிப்பு எண் தெரியாமல் அவர் எதையும் நம்புவதில்லை.

இந்த வேலையில் அவருக்கு ஒரே துணை வல்லத்துச் செல்வி. சென்னையில் உத்தியோகம், லீவு நாளில் சம்பளமில்லாமல் பிழை திருத்துவாள். பொங்கல் லீவில் கடைக்கே வந்துவிட்டாள்.

"அண்ணா, பைத்தான் மூணு புள்ளி எட்டெல்லாம் ரிட்டையர் ஆயிடுச்சி. புது நெலாக் கணக்குக்கு மூணு புள்ளி பத்து வேணும். பழசுல கிரகணமே தப்பா வருது. இன்னா இன்னும் கட்டிப் புடிச்சினு இருக்கீங்க?"

பைத்தான் என்பது நிரல் எழுதும் மொழி. அதன் பதிப்புகளுக்கும் ஓய்வு உண்டு.

"எட்டுல ஒருத்தர் இருக்காரு, செல்வி."

"ஒருத்தருக்காவ எல்லாருக்கும் தப்பா? நாளைக்குள்ள மாத்தலன்னா நிரல நான் தனியா பிரிச்சி நடத்திக்கிறேன்."

வெர்ஷன் முகம் வாடியது. அவள் போனால் மென்பொருளைக் கூடச் சுமக்க வேறு ஆளில்லை. நானும் சும்மா இருக்கவில்லை.

"அவ சொல்றது ஞாயம்யா. யாரு அந்தப் பழைய ஆளு? புது கம்ப்யூட்டர் வாங்கச் சொல்லு!"

வெர்ஷன் என்னைப் பார்த்தார். செல்விதான் திரும்பிக் கேட்டாள்.

"சார், உங்க வீட்ல எது ஓடுது?"

வீட்டுக்குப் போய்ப் பார்த்தேன். மூன்று புள்ளி எட்டு. ஏற்றிக் கொடுத்தவரே வெர்ஷன்தான். என் கம்ப்யூட்டரால் அதற்கு மேல் ஏற முடியாது. அதற்கும் முட்டி போய்விட்டது.

‘என்னைப் பார்க்காதே, பத்துக்கே மாற்றிவிடு’ என்று சொல்ல மறுநாள் காலை ஓடினேன். இருவரும் ஒரே திரைமுன் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். வாசல் நோட்டீஸில் மை காயாத புது வரி:

‘தேதி மென்பொருள்: பைத்தான் மூன்று புள்ளி பத்தும் அதற்கு மேலும். சார் வீட்டு எட்டுக்கு மட்டும் தனிப் பதிப்பு, கிரகணம் கையால் திருத்தியது. பொறுப்பு என்னுடையது.’