சல்லடை காத்த வாழைத்தார்

காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவில் சல்லடையைப் போல இன்னொரு ஆள் பிறந்ததில்லை. பிறந்தாலும் ஸ்ரீரங்கத்தில் எந்த வீட்டுக்காரரும் அவருக்கு ரூம் கொடுக்க மாட்டார்.

சல்லடை என் ரூம்மேட். கெமிஸ்ட்ரியில் ஆராய்ச்சி. அவர் செய்த படிகப் பொடியில் கண்ணுக்குத் தெரியாத ஓட்டைகள் இருக்குமாம்; பட்டப்பெயர் வந்தது அதனால்தான். எத்திலீன், ஈத்தேன் என்று இரட்டைப் பிள்ளைகள் மாதிரி இரண்டு வாயுக்கள். கலந்துவிட்டால் பிரிப்பது பெரும்பாடு. இவர் பொடி எத்திலீனைப் பிடித்து வைத்துக்கொண்டு ஈத்தேனைப் போகச் சொல்லிவிடும். இதை என்னிடம் சொன்னால் போதாதா? டவுன் பஸ்ஸில் ஊருக்கே சொல்வார்.

“இந்த பஸ்தாங்க படிகம். சீட் பிடிச்சு உக்காந்தவங்க எத்திலீன். படியில தொங்குறவங்க ஈத்தேன்.”

“அப்ப நான் யாரு சார்?” என்றார் கண்டக்டர்.

“நீங்க வேக்குவம் பம்ப். கடைசில எல்லாரையும் உறிஞ்சி வெளிய தள்ளிடுவீங்க.”

கண்டக்டர் அடுத்த ஸ்டாப்பிலேயே எங்கள் இருவரையும் வெளியே தள்ளினார்.

எனக்கு எடமலைப்பட்டி புதூரில் பெண் அமைந்தது. நிச்சயதார்த்தச் சீருக்குப் பூவன் வாழைத்தார் ஒன்றை ஒரு வாரம் முன்பே காயாக வாங்கி வந்தேன். சித்திரை வெயிலில் அதற்குள் பழுத்து அழுகிவிடுமோ என்று புலம்பினேன்.

“கவலைய விடுங்க, தாரை நான் பாத்துக்கறேன்” என்றார் சல்லடை. பார்த்தும் கொண்டார். பெரிய பாலிதீன் பையில் தாரைப் போட்டு, தன் பொடியையும் பொட்டலம் பொட்டலமாக உள்ளே வைத்துக் கட்டிவிட்டார். பழுக்க வைப்பதே காயிலிருந்து வரும் எத்திலீன்தான் என்று அவருக்குத் தெரியும். சீருக்குப் பழம் வேண்டும் என்பதுதான் மறந்துபோயிற்று.

நிச்சயதார்த்தத்தன்று கட்டிய பையோடு பெண் வீட்டு வாசலில் ஆட்டோவில் வந்து இறங்கினார். சபை நடுவே பிரித்தால், மரத்திலிருந்து இப்போதுதான் வெட்டியதுபோல் பச்சைப் பசேலென்று தார்.

“ஒண்ணுகூட பழுக்கல! பொடி ஜெயிச்சிருச்சு!” என்று குதித்தார்.

பெண்ணின் பெரியப்பா எழுந்துவிட்டார். “சீர்த் தட்டுல வாழைக்காயா? பஜ்ஜிக் கடை போடவா வந்தீங்க? சகுனமே சரியில்ல, இந்தச் சம்பந்தம் வேண்டாம்!”

என் அம்மா முகத்தைப் பார்க்க முடியவில்லை. சல்லடை குதிப்பதை நிறுத்தி என்னைப் பார்த்தார். பிறகு பெரியப்பாவின் எதிரே போய்க் கைகூப்பினார்.

“ஐயா, சகுனம் இல்லீங்க, சயின்ஸ். தப்பு முழுக்க என்னுது. இவரு ரொம்ப நல்லவருங்க. என்னோட ஒரே ரூம்ல மூணு வருஷமா இருக்காரு. வேற யாரும் மூணு மாசம்கூட தாங்கல.” சட்டைக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

முதலில் சிரித்தது பெண். பெரியப்பா அவளை ஒரு முறை பார்த்தார், உட்கார்ந்துவிட்டார். “அழாதீங்க தம்பி, அடுப்புல எண்ணெய் வச்சாச்சு” என்று தாரை உள்ளே தூக்கிப் போனார் என் வருங்கால மாமியார்.

தன் ஆராய்ச்சி ஜெயித்த நாளில், அதையே தப்பென்று சொல்லி எனக்காகக் கும்பிட்டு நின்ற மனிதர் அவர். எனக்கு அண்ணன் இல்லை என்று அதன் பிறகு நான் யாரிடமும் சொன்னதில்லை.